திறப்பு கைமாற வேண்டிய நேரம்: குடித்துவிட்டு வாகனம் ஓடுவதைத் தடுக்க, திருகோணமலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலியாண வீட்டுப் பின்வளவில் போத்தல் திறந்து இரண்டு மணித்தியாலம் கழிந்த பிறகு, ஒருவரிடம் போய் “அண்ணா, நீங்கள் ஓட வேண்டாம்” என்று சொல்வது லேசான காரியமல்ல. அவர் சிரிப்பார். “நான் ஸ்டெடி” என்பார். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் கோபப்படுவார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். தான் நிதானமாக இருப்பதாக அவர் உண்மையாகவே நம்புகிறார். கால் தள்ளாடுவதற்கும் நாக்குக் குழறுவதற்கும் வெகுநேரம் முன்பே, தன் நிலையைத் தானே எடைபோடும் திறனை மதுசாரம் மழுக்கிவிடுகிறது.

ஆகவே “ஓடலாமா, கூடாதா” என்ற கேள்வியைக் குடித்தவரிடமே விடக்கூடாது. முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்பே அது முடிவாகியிருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றையே செய்துமுடிக்கும் வழிகளைச் சொல்கிறது. குடிப்பவருக்காக எழுதியதுதான். ஆனால் விருந்து வைக்கிற வீட்டுக்காரர், கூடப்போகிற மச்சான், பைக்கின் பின்னால் ஏறப்போகிற மனைவி, இவர்கள்தான் இதை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும்.

எங்கள் வீதிகளைப் பற்றி முதலில்

திருகோணமலைப் பக்கம் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் திரும்புகிறார். காரில் போகிறவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. பைக்கில் சமநிலை தவறினால் வேறொன்றும் காக்காது. அந்தச் சமநிலையைத்தான் மதுசாரம் சீக்கிரமாகவே கெடுக்கிறது.

வீதிகளும் இரவில் மன்னிப்பதில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலாக் காலம். கடற்கரை விடுதிகளில் வேலை செய்கிறவர்களும் அங்கே பொழுதுபோக்கப் போகிறவர்களும் இரவு பிந்தி நகரத்துக்குத் திரும்புகிற காலம் அது. புல்மோட்டைப் பக்கம் போகப் போக வெளிச்சம் குறைந்த நீட்டு வீதி. கந்தளாய் வீதியில் இருட்டில் கறுப்பு மாடு படுத்திருந்தால், நிதானத்தில் இருக்கிறவனுக்கே கிட்டப் போன பிறகுதான் தெரியும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை கடக்கும். நகரத்துக்குள்ளேயே கோட்டைப் பக்கத்து மான்கள் ராத்திரியில் வீதிக்கு வருகின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிண்ணியாப் பாலம் அகலமும் நேரும் கொண்டது. வெறியில் இருக்கிறவனுக்கு அக்ஸிலரேட்டரைத் திருகத் தோன்றும் இடம் அதுதான்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனுக்குள் ஏறத்தாழ 17 மீற்றர் போய்விடும். பிரேக்கில் கால் வைக்க அரைச் செக்கன் பிந்தினால் எட்டு மீற்றர் கூடுதலாகப் போய்விடுகிறது. மாட்டுக்கு முன்னால் நிற்பதற்கும் மாட்டில் போய் மோதுவதற்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் அவ்வளவுதான். குடித்தவரின் கண்ணுக்குப் பக்கவாட்டில் வருவதும் சரியாகப் படாது. எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் பட்டுக் கூசிய கண் வழமைக்குத் திரும்பவும் அதிக நேரம் எடுக்கும். இருட்டு வீதியில் அந்த இடைவெளி முழுவதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதாகத்தான் கொள்ள வேண்டும்.

இலங்கையில் வீதி விபத்துகளில் வருடம் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். எல்லாமே குடியால் வருவதில்லை. ஆனால் குடியால் வருகிற பகுதி முழுவதும் தவிர்க்கக்கூடியது. வளைவை நேராக்கப் பல கோடி ரூபா வேண்டும். திறப்பை மேசையில் வைக்கச் செலவில்லை.

கணக்கைக் கையில் எடுங்கள்

“ரெண்டு பியர்தான்”, “ஒரு கால் போத்தல்தான்” என்ற பேச்சை நிறுத்த ஒரே வழி கணக்குப் பார்ப்பது. போத்தலில் எழுதியிருக்கும் மில்லிலீற்றரை வீதத்தால் பெருக்கி நூறால் வகுத்து, வந்ததை 0.79 ஆல் பெருக்கினால் அதிலுள்ள மதுசாரத்தின் எடை கிராமில் வரும்.

சாதாரண சாராயம் 33.5 வீதம். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் சுமார் 48 கிராம் மதுசாரம். 4.8 வீதமுள்ள சாதாரண பியர் 625 மில்லிலீற்றர் போத்தலில் சுமார் 24 கிராம். அதே அளவு போத்தலில் 8.8 வீதமுள்ள ஸ்ட்ரோங் பியர் என்றால் சுமார் 43 கிராம். இந்தக் கடைசி எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு பெரிய ஸ்ட்ரோங் பியர் குடித்தவர் கிட்டத்தட்டக் கால் போத்தல் சாராயம் குடித்திருக்கிறார். “நான் சாராயம் தொடுறதில்லை, பியர் மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு அவர் பைக்கில் ஏறுகிறார்.

கள்ளுக்கு இப்படி உறுதியான கணக்குச் சொல்ல முடியாது. இறக்கிய நேரத்திலிருந்தே அது புளிக்கத் தொடங்குகிறது. காலையில் குடித்த அளவையே பின்னேரம் குடித்தால் வெறி வேறு. கசிப்பைப் பற்றிக் கணக்கே வேண்டாம். அதில் எத்தனை வீதம், என்னென்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவனுக்கே தெரியாது. அதில் மெதனோல் கலந்திருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும்.

இப்போது சட்ட எல்லை. இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். உலக சுகாதார நிறுவனம் பொதுவான சாரதிகளுக்கு 50, இளம் சாரதிகளுக்கு 20 என்று பரிந்துரைக்கிறது. எங்கள் எல்லையே தாராளமானது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் கால் போத்தலை முடித்தால் அவருடைய இரத்தத்தில் ஏறக்குறைய 115 வரை போகும். 50 மில்லிலீற்றர் ஷொட் மூன்றை ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டாலே எல்லையைத் தொட்டுவிடுவார். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு குடித்தால் அவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஏறும். மெலிந்த பொடியன்களுக்கும் அப்படியே.

இறங்குவதோ மிக மெதுவாக. 100 மில்லிலீற்றர் இரத்தத்திலுள்ள மதுசாரத்தில் ஈரல் மணித்தியாலத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுதான் குறைக்கும். கோப்பி குடித்தாலும், கிணற்றடியில் தலைக்கு வார்த்தாலும், தேசிக்காய்ப் புளி குடித்தாலும், வாந்தி எடுத்தாலும் அந்த வேகம் கூடாது. கோப்பி நித்திரையைக் கலைக்கும், அவ்வளவுதான். குடிக்குமுன் வயிறு நிறையச் சாப்பிட்டால் மதுசாரம் மெதுவாக ஏறும், உச்சம் கொஞ்சம் குறையும். குடித்தது உடம்பைவிட்டுப் போய்விடாது.

இவையெல்லாம் சராசரிக் கணக்குகள். ஆளுக்கு ஆள் மாறும். “எனக்கு இன்னும் ஒரு ஷொட்டுக்கு இடமிருக்கு” என்று கண்டுபிடிக்க இதைப் பாவிக்க வேண்டாம். குடித்தால் ஓடுவதில்லை என்பது மட்டும்தான் பிழைக்காத கணக்கு.

படி 1: வீட்டை விட்டு வெளிக்கிட முன்

எங்கே போகிறீர்கள், அங்கே குடி இருக்குமா என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல் போக வேண்டாம். குடி இருக்கும் இடத்துக்கு உங்கள் பைக்கைக் கொண்டுபோகாதீர்கள். இந்த ஒரு முடிவு மீதி எல்லாப் படிகளையும் பாதியாகக் குறைத்துவிடும். பைக் அங்கே இல்லாவிட்டால் அதில் ஏறவும் முடியாது.

போகும்போது ஆட்டோவில் போங்கள். அப்போதே திரும்பி வருவதற்கும் பேசிவிடுங்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டோ அண்ணன் இருப்பார். “பத்தரைக்கு வாங்கோ, பிந்தினால் காத்திருப்புக்கும் தாறன்” என்று கூலியையும் நேரத்தையும் முன்கூட்டிப் பேசி, அந்தக் காசைத் தனியாகச் சட்டைப் பையில் வையுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பேரம் பேசினால் கூலி கூடும்; “இவ்வளவு காசா, நானே ஓடுறன்” என்ற முடிவு அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

குழுவாகப் போனால் ஒருவர் அன்றைக்குத் தொடுவதில்லை என்று முதலே சொல்லிவிடுங்கள். “ஆகக் குறைவாகக் குடிச்சவன் ஓடட்டும்” என்பது ஏற்பாடே அல்ல. நான்கு பேரில் ஆகக் குறைவாகக் குடித்தவரும் எல்லையைத் தாண்டியிருக்கலாம். ஓடுகிறவர் ஒரு சொட்டும் தொட்டிருக்கக் கூடாது. அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அந்த வாகனத்தை ஓடிப் பழக்கம் இருக்க வேண்டும். அடுத்த முறை இன்னொருவர் அந்த இடத்தை எடுக்கட்டும். ஒரே ஆளையே எப்போதும் தள்ளினால் ஒருநாள் அவரும் சலித்துப்போய்க் கிளாஸை எடுப்பார்.

மருந்து எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தடிமனுக்கும் கடிக்கும் எடுக்கிற, நித்திரை வரச் செய்யும் குளிசைகள், நித்திரைக் குளிசைகள், சில மனநல மருந்துகள் எல்லாம் மதுசாரத்தோடு சேர்ந்தால் ஒரு ஷொட்டே வழமையைவிடக் கூடுதலான வேலையைச் செய்யும். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுக்கிறவர் சாப்பிடாமல் குடித்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அப்போது வரும் தள்ளாட்டமும் குழப்பமும் வெறி போலவே இருக்கும். கூட இருப்பவர்கள் “ஏத்திட்டார்” என்று விட்டுவிடுவார்கள்.

படி 2: விருந்து வைக்கிறவர் செய்ய வேண்டியது

பிறந்தநாளோ, குடிபூரலோ, கலியாணத்துக்கு முதல்நாள் இரவோ, உங்கள் வளவில் குடி நடந்தால் வந்தவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்வது உங்கள் பொறுப்பும்தான். சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊர் முறையைப் பற்றிப் பேசுகிறேன். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறத் தெரிந்த எங்களுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

முதலில் சாப்பாடு, பிறகு குடி. எங்களிடம் முறை தலைகீழாக இருக்கிறது: வெறும் வயிற்றில் பைட்ஸும் சாராயமும், நள்ளிரவில் புரியாணி. அதை மாற்றினால் வீட்டுக்காரருக்குச் செலவும் குறையும்.

கண்ணால் மட்டும் அளவு பார்த்து ஊற்றாதீர்கள். அளவுக் கிளாஸ் வையுங்கள். குறைந்த கிளாஸை ஒருவர் கேட்காமல் நிரப்ப வேண்டாம். அப்படி நிரப்பினால் தான் எவ்வளவு குடித்தோம் என்பது குடித்தவருக்கே தெரியாது. தண்ணீர்ப் போத்தலையும் சோடாவையும் சாராயத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். “வேண்டாம்” என்று சொன்னவரிடம் “எனக்காக ஒண்டு” என்று கேட்காதீர்கள். இந்தக் கெஞ்சலால் எத்தனை பேர் தங்கள் உறுதியை விட்டிருக்கிறார்கள்! குடிக்காதவரை ஏளனம் செய்வதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டியதும் வீட்டுக்காரர்தான்.

இப்போது முக்கியமானது. வந்தவர்கள் உட்காருமுன் திறப்புகளை ஒரு டப்பாவில் சேருங்கள். அந்த டப்பாவைக் குடிக்காத, யாரும் எதிர்த்துப் பேசத் துணியாத ஒருவரிடம் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெரியம்மா. இளைஞன் ஒருவன் வந்து திறப்பைக் கேட்பான், கெஞ்சுவான், “பெரியம்மா, நான் குடிக்கேல்ல” என்பான். அவர் வாயைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி மணந்துபார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். வந்தவுடன் எல்லோரிடமும் கேட்பதால் யாருக்கும் இது தனிப்பட்ட அவமானமாகத் தோன்றாது. இரவு பத்து மணிக்கு ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது சண்டையில்தான் முடியும்.

பாய், தலையணை எடுத்து வையுங்கள். மண்டபத்தில் படுக்க நாலு பேருக்கு இடமிருக்கிறது என்று முதலே சொல்லுங்கள்.

கடைசியாக, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. பத்தாம் வகுப்பு மருமகனுக்கு “ருசி பார்க்க” மூடியில் ஊற்றிக் கொடுக்கிற மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். வாகனம் ஓடுவதில் அனுபவம் குறைந்த பொடியனுக்கு, அதே அளவு மதுசாரத்தில், அனுபவசாலியைவிட ஆபத்து கூட.

படி 3: திறப்பைக் கேட்கும் விதம்

டப்பா ஏற்பாடு இல்லை, அவர் எழும்பிப் பைக்கை நோக்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் பேசுவது?

பலருக்கு முன்னால் பேசாதீர்கள். ஒதுக்குப் புறமாகக் கூட்டிப் போங்கள். “நீ எவ்வளவு குடிச்சனீ” என்று தொடங்கினால் விவாதம் அளவைப் பற்றியதாகிவிடும். அதில் நீங்கள் வெல்ல முடியாது. வெறியைப் பற்றியே பேச வேண்டாம். அவர் வாகனத்தை விட்டுப்போகத் தயங்குவதற்கு வீம்பு மட்டும் காரணமல்ல. காலையில் வேலைக்குப் பைக் வேண்டும். இரவு வெளியில் நின்றால் களவு போய்விடுமோ என்ற பயம். “பைக் எங்க” என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது? இந்த மூன்றையும் நீங்களே தீர்த்துவைத்தால் திறப்பு கைக்கு வரும்.

“அண்ணா, பைக்கை உள்ளுக்கு விடுறன், கேற்றைப் பூட்டுறன். காலமை ஏழு மணிக்கு நானே உங்கட வீட்ட கொண்டுவந்து தாறன். இப்ப ஆட்டோல போவம், நானும் வாறன்.”

இப்படிச் சொன்னால் அவருக்கு மறுக்கக் காரணமில்லை. தனியாக அனுப்பாமல் கூடவே ஏறுங்கள். வீட்டு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். சொன்னபடி காலையில் பைக்கையும் கொண்டுபோய்க் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை அவர் நம்பமாட்டார்.

அவர் மதிக்கிற ஒருவரைப் பேசச் சொல்லலாம். தம்பியின் சொல்லைக் கேட்காதவர் மாமாவின் சொல்லைக் கேட்கலாம். ஆனால் ஆறு பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு புத்தி சொல்லாதீர்கள்.

வழமையாக நாங்கள் கண்டுபிடிக்கும் ஒரு “தீர்வு” உண்டு: வெறியில் இருப்பவரை இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் இருத்திக் கொண்டுபோவது. செய்யவே கூடாது. நடுவில் இருப்பவர் வளைவில் மற்றப் பக்கம் சரிவார், தூங்கி விழுவார், ஓடுகிறவரின் தோளைப் பிடித்து இழுப்பார். மூன்று பேரும் விழுவார்கள். வெறியில் இருப்பவரைப் பைக்கில் பின்னால் ஏற்றுவதும் ஆபத்துத்தான். ஆட்டோ, கார், இல்லாவிட்டால் பாய்.

எவ்வளவு சொல்லியும் பறித்துக்கொண்டு போய்விட்டால் 119க்கு அழையுங்கள். வாகன இலக்கம், நிறம், எந்தப் பக்கம் போகிறார் என்பதைச் சொல்லுங்கள். சொந்தக்காரனைப் பொலிஸுக்குக் காட்டிக்கொடுப்பதா என்று மனம் தயங்கும். எங்கள் ஊரில் அந்தத் தயக்கத்துக்குப் பழைய காரணங்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வீதியில் எதிரே ஒரு குடும்பம் வந்துகொண்டிருக்கிறது. வழக்கில் நிற்கிற மச்சானை வெளியே எடுக்கலாம்.

படி 4: பின்னால் ஏறப்போகிறவருக்கு

இதைத் தனியாக எழுதக் காரணம், விருந்து முடிந்து வீடு திரும்பும் பைக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கணவன் ஓடுகிறார். பெற்றோல் டாங்கிக்கு மேல் மூத்த பிள்ளை. பின்னால் மனைவி, மடியில் சின்னது. பிள்ளைகளின் தலையில் ஹெல்மெட் இல்லை. கணவன் குடித்திருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரியும். ஏறாவிட்டால் அங்கேயே சத்தம் போடுவார், சனம் பார்க்கும் என்று ஏறுகிறார்.

அக்கா, தங்கச்சி, நீங்கள் ஏற வேண்டாம். அந்த நேரத்தில் தனியாக நின்று “வரமாட்டன்” என்று சொல்வது கடினம் என்பதால் ஆயத்தத்தை முதலே செய்துகொள்ளுங்கள். கைப்பையில் ஆட்டோவுக்குக் காசு, தெரிந்த ஆட்டோக்காரரின் இலக்கம், விருந்து வீட்டில் ஒரு பெண்ணிடம் முன்கூட்டியே ஒரு சொல், “இவர் குடிச்சால் நானும் பிள்ளையளும் இண்டைக்கு இங்க நிக்கிறம்.” பிறகு சண்டை போடத் தேவையில்லை. “சின்னவனுக்கு நித்திரை, நான் அக்காவோட நிக்கிறன், நீங்களும் நில்லுங்கோ” என்று சொன்னால் போதும். பிள்ளையைச் சாட்டி அவரையும் நிறுத்திவிடலாம்.

வீட்டில் அடி உதைக்குப் பயந்துதான் ஏறுகிறீர்கள் என்றால் பிரச்சினை வீதியைவிடப் பெரியது. அன்றிரவு பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டில் தங்குங்கள். மறுநாள் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கலாம்.

விருந்து வீட்டுப் பெண்களே, வாசலில் தயங்கி நிற்கும் ஒருத்தியைக் கண்டால் நீங்களே கேளுங்கள். அவர் வாய்திறந்து கேட்கமாட்டார்.

படி 5: பொலிஸ் மறித்தால்

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி குடித்துவிட்டு ஓடுவது குற்றம். பொலிஸார் ஊதச் சொல்லலாம், அரச வைத்திய அதிகாரியிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். நீதவான் முன் நிறுத்துவார்கள். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு குறைந்த தண்டப் பணமே 25,000 ரூபா. அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம், சிறையும் உண்டு. உயிர்ப்பலி நடந்திருந்தால் தண்டனை பல மடங்கு. வான், பஸ், லொறி ஓடிப் பிழைக்கிறவருக்கு லைசன்ஸ் போனால் அடுப்பு எரியாது.

வெற்றிலை, மின்ட், ஏலக்காய், கராம்பு எதுவும் ஊதும் கருவியை ஏமாற்றாது. அது அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றிலுள்ள மதுசாரத்தை. வாய் மணத்தை அல்ல. வாகனக் காப்புறுதியும் கைவிடும். சாரதி குடித்திருந்தால் சொந்த வாகனச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்பது காப்புறுதி ஒப்பந்தங்களில் வழமையான நிபந்தனை. லீசிங் கட்டி முடியாத பைக் நொறுங்கினால் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

படி 6: விழுந்துகிடப்பவரைக் கண்டால்

1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, கிட்டவுள்ள கோயில், பள்ளிவாசல், பாடசாலை எது. வருகிற வாகனங்களுக்குத் தெரியும்படி உங்கள் பைக்கின் சிக்னல் லைட்டைப் போட்டு ஓரமாக நிறுத்துங்கள். மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்து முறிந்திருக்கலாம். தண்ணீர் பருக்காதீர்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டிலும் சொல்லுங்கள். பைக்கிலிருந்து விழுந்த ஒருவரில் சாராயம் மணக்கிறது. பெரிய காயம் தெரியவில்லை. “வெறி, படுத்தெழும்பினால் சரி” என்று தூக்கிக்கொண்டுபோய்த் திண்ணையில் கிடத்துகிறார்கள். மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கசிந்தாலும் ஆள் அப்படித்தான் இருப்பார்: குழறுவார், வாந்தி எடுப்பார், நித்திரை தூங்கி வழிவார். பார்த்த கண்ணுக்கு வெறியும் மூளைக் காயமும் ஒன்று போலவே தெரியும். விடியும்போது மூச்சு இருக்காது. ஆகவே குடித்தவர் விழுந்து தலை அடிபட்டிருந்தால், அடிபட்டதா என்று தெரியாவிட்டாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, மூக்காலோ காதாலோ இரத்தமோ நீரோ வருவது, வலிப்பு, தட்டி எழுப்ப எழும்பாமை, இவற்றில் ஒன்றைக் கண்டால் ஒரு நிமிடமும் வைத்திருக்காதீர்கள்.

விழாமல், அளவு மிஞ்சிக் குடித்து மயங்கிக் கிடப்பவரையும் மல்லாக்கக் கிடத்தக் கூடாது. வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துக் கிடத்தி, மேல் முழங்காலை மடக்கி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி முகத்தைச் சரித்துவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். மூச்சு மெதுவாகிக்கொண்டே போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, உடம்பு குளிர்ந்துபோனாலோ 1990.

படி 7: விடிந்த பிறகு

இரவு பாயில் படுத்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். கணக்கை மறுபடி எடுங்கள். அதே 60 கிலோ ஆள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குள் அரைப் போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர் சாராயம் முடிக்கிறார். அதில் சுமார் 99 கிராம் மதுசாரம். மணித்தியாலத்துக்கு 15 மில்லிகிராம்படி குறைத்துக்கொண்டு வந்தால், காலை ஆறு மணிக்கு அவருடைய இரத்தத்தில் இன்னும் 90க்குக் கிட்ட இருக்கும். குளித்து, திருநீறு பூசி, தேத்தண்ணி குடித்து, பிள்ளையைப் பின்னால் ஏற்றிப் பாடசாலைக்குப் போகும்போது அவர் சட்டத்தின் கண்ணில் குடித்துவிட்டு ஓடுகிற சாரதிதான். முழுவதும் இறங்க மத்தியானம் ஆகும். அதற்கு மேல் நித்திரையும் குறைவு, தலையிடி, உடம்பில் நீர் வற்றிய களைப்பு.

விடியற்காலையில் கொழும்புக்கு வான் ஓடுகிறவர்களுக்கும் பஸ் சாரதிகளுக்கும் இது மிக முக்கியம். மறுநாள் ஓட்டம் இருந்தால் முதல்நாள் இரவு தொடக்கூடாது. வான் பேசி அனுப்புகிற குடும்பமும், கலியாணத்துக்கு ஆட்களை ஏற்றிவந்த சாரதிக்கு மரியாதை என்று போத்தலைக் கொடுக்காமல் நல்ல சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கட்டும். விடியப்புறம் கடலுக்குப் போகிற சம்மாட்டிமாரும் தொழிலாளரும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். வள்ளத்தில் எஞ்சினைப் பிடிக்கிறவரின் கைக்கும் அதே மதுசாரம்தான் போகிறது, கடலில் விழுந்தால் 1990 வராது.

படி 8: ஒவ்வொரு இரவும் இதே கதை என்றால்

திறப்பை வாரம் தோறும் பறிக்க வேண்டியிருந்தால் அது திறப்புப் பிரச்சினை அல்ல. காலையில் எழும்பியதும் கை நடுங்குகிறதா? நடுக்கம் நிற்க ஒரு வாய் குடிக்கிறாரா? முன்பு கால் போத்தலில் வந்த வெறிக்கு இப்போது அரைப் போத்தல் தேவைப்படுகிறதா? ஒளித்து வைத்துக் குடிக்கிறாரா? இவை பழக்கத்தைத் தாண்டி நோயாகிவிட்டதன் அறிகுறிகள். அவர் ஒழுக்கம் கெட்டவர் என்று கொள்ளாதீர்கள். வைத்தியம் தேவைப்படுகிற ஆள்.

உடம்புக்கு வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈரலில் கொழுப்பு, பிறகு ஈரல் அழற்சி, பிறகு ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக் குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு வகைப் புற்றுநோய்களோடு மதுசாரத்துக்குத் தொடர்பு உறுதியாகியிருக்கிறது. “அளவாகக் குடிச்சால் இருதயத்துக்கு நல்லது” என்கிறவர்களுக்கு, பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது.

இங்கே குடும்பங்கள் அன்பினால் செய்கிற ஒரு காரியம் ஆபத்தில் முடிகிறது. வருடக் கணக்காக நாள்தோறும் குடித்தவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கி, அன்றோடு ஒரேயடியாக நிறுத்தச் செய்கிறார்கள். மனம் திரும்புவது நல்லதுதான், சத்தியமும் நல்லதுதான். ஆனால் அந்த உடம்பு மதுசாரத்துக்குப் பழகிப்போயிருக்கிறது. திடீரென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை வரலாம். பிறகு வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள்களில் இல்லாததைக் காண்பதும் ஆள் தெரியாமல் பேசுவதும் தொடங்கினால் அது உயிராபத்து. பேய் பிடித்ததாக நினைத்து நூல் கட்டக் கூட்டிப் போகிறவர்கள் அந்த நேரத்தை இழந்துவிடுகிறார்கள். ஆகவே நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் அரச வைத்தியம் இலவசம். பேசத் தொடங்கவே வெட்கமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம்.

கூட்டிப்போகும்போது அவர் நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறார், என்ன குடிக்கிறார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மருந்துகள் எடுக்கிறார் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மானம் பார்த்து அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கக் கொடுக்கும் மருந்தின் அளவை வைத்தியர் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.